மஸ்கிக்கு வாங்கிய மரமீன்

1

போன வெள்ளிக்கிழமை கோயில் அன்னதான வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற அம்மா ஒருவர் என் தோளில் தட்டினார். கையில் தட்டு, கண்ணில் விசாரணை.

"உங்கட மருமகன் வெள்ளைக்காரனாமே?"

"ஓம்."

"உங்கட மனுசன் பொல்லாதவரெல்லே. எப்பிடி ஓமெண்டவர்? ஆர் பேசி முடிச்சது?"

"மீன்தான்."

"மீனாவோ? வெம்பிளியில கலியாணம் பேசுற மீனாவோ?"

நான் மறுக்கவில்லை. சாம்பாருக்கு என் முறை வந்துவிட்டது. இதற்குள் வெம்பிளி மீனா வெள்ளைக்கார மாப்பிள்ளைகளும் பிடித்துக் கொடுக்கிறா என்று லண்டன் முழுக்கப் பரவியிருக்கும். அவவின் தொழிலுக்கு என்னால் ஆன உதவி.

ஊரில் இருக்கிற உங்களுக்காவது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பவானி. எண்பத்து நான்கில் லண்டன் வந்து, இரண்டு வாடகை வீடுகளில் குளிர்ந்து, மூன்றாவதாக மோர்டனில் ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டோம். நான் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறேன். கரட்டை அதன் நிறமே போகும்வரை அவித்து, அதற்கு உப்பும் போடாமல் விடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என்னவர் நடேசன் கவுன்சிலில் தெருவிளக்குப் பிரிவு. எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று கண்டுபிடித்து, அதை எரிய வைக்க மூன்று ஒபீசுகளுக்கு எழுதிவிட்டு, நாலாவது ஒபீஸ் ஏன் தனக்கு எழுதவில்லை என்று கேட்பதற்குப் பதில் எழுதுவது அவருடைய வேலை. ஊரில் எங்கள் தெருவில் விளக்கே இருந்ததில்லை. அதனால் இந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள், சுபா. வரும்போது ஒன்பது வயது. வந்து ஆறு மாதத்தில் என் இங்கிலிஷைத் திருத்தத் தொடங்கிவிட்டாள். இன்னும் முடிக்கவில்லை.

2

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி குகனிடம் போனோம். நயாகராவைக் காட்டினான். இவர் பார்த்துவிட்டு, "தண்ணி விழுகுது" என்றார். கோபுரத்தைக் காட்டினான். "உயரம்தான்" என்றார். குகன் களைத்துப்போய், "அத்தான், நாளைக்கு மீன் பிடிக்கப் போவமோ?" என்று கேட்டான்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மீன் பிடிக்கிறதோ? எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ உது?"

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று நேரமும் மீன் தின்போம். அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவரைப் படலைக்கு வெளியே நிற்க வைத்து விலை பேசுவோம். இதைப் பெருமை என்றும் சொல்லிக்கொள்வோம்.

"அத்தான், இஞ்ச டொக்டர்மாரும் பிடிக்கினம்."

"எந்த டொக்டர்?"

"கண் டொக்டர், இருதய டொக்டர், எல்லாரும்."

அப்படியானால் பரவாயில்லை என்று இவர் வந்தார். நான் ஒரு கத்தி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ஒரு தேசிக்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன்.

குகன் தேடியது மஸ்கி என்ற மீனை. கனடா ஏரிகளில் வாழ்வது. ஆள் நீளத்துக்கு வளரும். முதலையின் வாயும் வருமான வரி அதிகாரியின் முகமும் கொண்டது. மாதக்கணக்கில் தேடினாலும் சிலருக்கு முகம் காட்டாதாம். அதைப் பிடிக்க மரத்தில் செய்த பொய்மீன் ஒன்றை வைத்திருந்தான். முழ நீளம். உள்ளே ஈயம் வைத்த பாரம். கையில் வாங்கிப் பார்த்தேன், எங்கள் அம்மிக் குழவிக்குத் தம்பி போல இருந்தது. வயிற்றிலும் வாலிலும் மும்முனைக் கொக்கிகள்.

வள்ளத்தை எஞ்சினில் வேகமாக ஓட்டிக்கொண்டு, இந்த மரமீனைப் பின்னால் இழுத்துப் போக வேண்டும். வழக்கமாக எல்லோரும் நூலை நீளமாக விடுவார்கள். குகன் விட்டது நாலு பாகம், இருபத்து நாலு அடிகூட இருக்காது. எஞ்சின் விசிறி அடித்துக் கிளப்புகிற வெள்ளை நுரைக்குள்ளேயே மரமீன் ஓடியது. பாரம் குறைந்ததென்றால் அந்த வேகத்தில் மேலே துள்ளிவிடுமாம், அதற்குத்தான் ஈயம்.

"உந்தச் சத்தத்துக்கு மீன் ஓடாதோ?" என்று இவர் கேட்டார்.

"ஓடாது அத்தான். என்ன சத்தமெண்டு பாக்க வரும். பக்கத்து வீட்டில சண்டையெண்டால் நாங்கள் ஓடுறமோ? எட்டிப் பாக்கிறம்தானே."

பின்னேரம் போல, வள்ளத்தின் ஓரத்தில் மாட்டியிருந்த தடி திடீரென்று வளைந்து நுனி தண்ணீருக்குள் போனது. குகன் தடியை இவருடைய கையில் திணித்தான். அதற்குப் பிறகு நான் பார்த்தது என் புருசனை அல்ல. காலை அகட்டி, பல்லைக் கடித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் அந்த மீனுக்குச் சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். கவுன்சிலில் ஒருநாளாவது அப்படிப் பேசியிருந்தால் எப்போதோ மனேஜராகியிருப்பார். மீன் பக்கத்தில் வந்தது. குகன் அதைத் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி, தூக்கி இவர் கையில் கொடுத்துப் படம் பிடித்து, வாலைப் பிடித்து மெல்ல ஆட்டி, விட்டுவிட்டான்.

நான் தேசிக்காயைப் பாதி வெட்டியபடி நின்றேன்.

"டேய், விடுறதெண்டால் ஏனடா பிடிச்சனி?"

"விளையாட்டுக்கு, அக்கா."

இவர் மீன் போன இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரை விட்டு வந்த பிறகு இவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் கலியாணப் படத்திலும் இல்லை.

3

திரும்பும்போது பெட்டியில் மூன்று மரமீன்கள் வந்தன. குகன் தன்னுடைய கட்டைத் தடியையும் ரீலையும் அன்பளிப்பாகத் தந்துவிட்டான். ஹீத்ரோவில் சுங்க அதிகாரி ஒருவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். இவருக்குப் பொய் வராது. உண்மையும் வியர்த்து வியர்த்துத்தான் வரும்.

"பெட்டியில் என்ன?"

"மஸ்கி, சேர். மூன்று."

அதிகாரியின் காதில் அது விஸ்கி என்று விழுந்தது. "பெரியதா, சின்னதா?"

"மிகப் பெரியது, சேர். கனடாவில் இதைவிடப் பெரியது கடையில் இல்லை."

நான் முழங்கையால் இடித்தேன். இவர் அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் பாரம், கவனம்" என்றும் சேர்த்தார். அதிகாரி பெட்டியைத் திறந்து துணிகளுக்குள் கைவிட்டு இழுத்தார். சிரித்த முகத்தோடு ஒரு மரமீன் வந்தது. அதன் வால் கொக்கியில் மாட்டியபடி என் உள்பாவாடையும் வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"இதை வைத்து எங்கே மீன் பிடிக்கப் போகிறீர்கள்?"

"மோர்டனில், சேர்."

அவர் பெட்டியை மூடிவிட்டார். மோர்டனில் அதை வைத்து மீன் பிடிக்கப் போகிற மனிதரிடம் வரி கேட்க மனம் வரவில்லைப் போலும்.

மஸ்கி இங்கிலாந்திலேயே இல்லை என்பதை இவர் பிறகுதான் அறிந்தார். அறிந்து என்ன, ஞாயிற்றுக்கிழமைகளில் குளியல் தொட்டியை நிரப்பி, மரமீனை நூலில் கட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுப்பார். சுபா கதவைத் தட்டி, "அப்பா, நான் குளிக்கோணும். ஆர் யூ பிளேயிங் இன் தெயர்?" என்று கத்துவாள். "டெஸ்ட் பண்ணுறன்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

4

ஐந்தாறு வருடம் இப்படிப் போனது. சுபா படிப்பை முடித்து ஆசிரியை ஆனாள். ஒரு ஞாயிறு மத்தியானம் சோற்றில் பருப்பை விட்டபடி சொன்னாள்.

"அப்பா, ஐ ஆம் கெட்டிங் மரீட்."

இவர் நிமிரவில்லை. "நல்லது. ஆரை?"

"மாட்டின்."

"எந்த ஊர்?"

"குரொய்டன்."

அதற்குப் பிறகு இவர் அவளோடு பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டு முடிந்திருக்கும். இவர் என் மூலம் பேசினார். "அவவிட்டைச் சொல்லும், கதவைச் சாத்தச் சொல்லி." அவள் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். "டெல் ஹிம் இட்ஸ் ஷட்" என்பாள். ஒரே அறைக்குள் இருவருக்கும் கேட்ட பேச்சையே மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. இதற்குச் சம்பளமும் இல்லை.

ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டாள். "அப்பா, நீங்கள் ஃபிஷிங் போனீங்கள். உங்கட சாதியில ஆரும் போறதோ? அந்த ரூலை உடைக்கலாம், இதை உடைக்கேலாதோ?"

இவர் என்னைப் பார்த்து, "அவவிட்டைச் சொல்லும்..." என்று தொடங்கினார். எழுந்து போய்விட்டார். அடுத்த கிழமை சுபா நோர்பரியில் ஒரு சிநேகிதியோடு அறை எடுத்துக்கொண்டு போனாள். பெப்ரவரியில் ரெஜிஸ்டர் ஒபீசில் கலியாணம், நீங்கள் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நடக்கும் என்று படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னை முற்போக்கான தாய் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துக் குளிரறைக்குள் உறைந்த பட்டாணிப் பைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அங்கே அழுவது வசதி. கண் சிவந்தால் குளிர் என்பார்கள். ஊரில் என்ன கதைப்பார்கள் என்று அழுதேன். பேரப்பிள்ளை என்னை என்ன சொல்லிக் கூப்பிடும் என்று அழுதேன். அதைவிட, பின்னேரங்களில் நானும் இவரும் பேச ஒன்றுமில்லாமல் டிவியில் வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்து அழுதேன். நாளைக்கும் மழை என்று ஒருவன் சொல்வான். அதையே இவர் திரும்ப எனக்குச் சொல்வார்.

பிறகு இவருக்குச் சொல்லாமல் நோர்பரிக்கு பஸ் ஏறினேன். மாட்டின் அங்கே இருந்தான். நெட்டையன், நல்ல பல்லு. சுபா சொல்லிக் கொடுத்த மாதிரி என்னை 'அம்மா' என்று கூப்பிட முயன்றான். வாயிலிருந்து 'ஆமா' என்று வந்தது. தேத்தண்ணி குடிக்கிறீரோ என்றேன், ஆமா என்றான். வேலை எப்படி என்றேன், ஆமா என்றான். எதைச் சொன்னாலும் ஆமா என்கிற மருமகன் எங்கள் சாதியிலும் கிடைக்கமாட்டான் என்று எனக்குப் பட்டது.

தாய் இறந்து ஐந்து வருடம், தகப்பன் றொஜர் ஜன்னல் கண்ணாடி போடுகிற வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன் என்ன செய்வார் என்று கேட்டேன்.

"பைக்" என்றான்.

இந்த வயதில் மோட்டர் சைக்கிளா என்று பயந்துபோனேன். ஹெல்மெட் போடுவாரோ என்று கேட்டேன். சுபா கட்டிலில் விழுந்து சிரித்தாள். பைக் என்பது ஒரு மீனாம். தமிழில் எழுதிப் பாருங்கள், மீனும் மோட்டர் சைக்கிளும் ஒன்றுதான், பிழை என்னுடையதல்ல. மாட்டின் பர்சிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். தொப்பி போட்ட கிழவர் ஒருவர் மீன் ஒன்றைக் குழந்தை போல ஏந்திக்கொண்டு நின்றார். கிழவரை நான் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். மஸ்கியின் சித்தப்பா மகன் என்றே சொல்லலாம்.

அன்று பின்னேரம் வெங்காயம் உரித்தபடி இவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, மாட்டினிட தகப்பன் மீன் பிடிக்கிறவராம்."

"எனக்கென்ன."

"மஸ்கி மாதிரியே ஒரு மீன். பெரிய குளத்தில, வள்ளத்தில போய்ப் பிடிக்கிறவராம்."

இவர் பேப்பரை முகத்துக்கு முன்னால் உயர்த்தினார். ஒரு வெங்காயம் முழுதாக உரித்து முடித்தேன்.

"எவ்வளவு நீளமாம்?" என்றார்.

5

"மீனுக்காக மட்டும்தான் வாறன். வேற கதை ஒருத்தரும் எடுக்கக் கூடாது. நீரும் வாரும், சாட்சிக்கு." இந்த நிபந்தனையோடு கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் புறப்பட்டோம். லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய நீர்த்தேக்கம். மாட்டின் கார் ஓட்டினான். சுபா முன்சீற்றில். இவர் வழி முழுக்க ஜன்னலோடு மட்டும் பேசினார்.

றொஜர் கரையில் காத்திருந்தார். இரண்டு பேரும் கை கொடுக்கவில்லை, தலையைத்தான் அசைத்தார்கள். வள்ளத்தில் மூன்று பேருக்குத்தான் இடம். சுபாவும் மாட்டினும் கரையில் நின்றார்கள். றொஜர் பின்னால் எஞ்சினடியில், இவர் நடுவில், நான் முன்னால், வீட்டில் பொரித்த பற்றிஸ் பலகாரப் பெட்டியோடு.

றொஜரின் முறை வேறு. வள்ளத்தை நிறுத்தி, செத்த மீன் ஒன்றைக் கொக்கியில் குத்தித் தண்ணீரில் தொங்கவிட்டு, மிதவையைப் பார்த்துக்கொண்டிருப்பது. பேசக் கூடாது. பற்றிஸை மெல்லுகிற சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தார். காற்று எலும்புக்குள் போனது. மிதவை அசையவில்லை. எனக்கு அது பழக்கமாக இருந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறையும் நாலு மாதமாக அப்படித்தான்.

கடைசியில் இவர் பையைத் திறந்து மரமீனை வெளியே எடுத்தார். றொஜர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது மீன்பிடிக்கவா, வீட்டுத் தளபாடமா?"

"மஸ்கிக்கு" என்றார் இவர். "எஞ்சினைப் போடுங்கள். வேகமாக. நூல் நாலு பாகம்."

"எஞ்சினுக்குப் பின்னால் நாலு பாகத்திலா? இங்கே உள்ள மீன் எல்லாம் பிரான்சுக்கு ஓடிவிடும்."

"ஓடாது. சண்டை பார்க்க வரும்" என்று இவர் இங்கிலிஷில் சொன்னார். குகனின் விளக்கம் அது. றொஜர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு பற்றிஸை நீட்டினேன். அது அவருக்கு மூன்றாவது. அதைக் கடித்தபடி, பரிதாபப்பட்டோ விறைத்துப்போயோ, எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்தார்.

வள்ளம் பாய்ந்தது. மரமீன் நுரைக்குள் போய் மறைந்தது. தடி ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருந்தது. குளத்தின் நீளத்துக்கு ஒருதரம் போய்த் திரும்பினோம். றொஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் திரும்புகிற வளைவில், தடியை யாரோ பிடித்துப் பறித்தது போல இருந்தது.

"இழு! இழு! விடாதை!" இது தமிழில் இவர், தனக்கே. "விடாதே!" இது இங்கிலிஷில் றொஜர். எஞ்சினை நிறுத்தாமல் கியரை மட்டும் எடுத்துவிட்டு வள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு நீண்ட உடம்பு எழுந்து திரும்பியது. "கடவுளே," என்றார் அந்தக் கிழவர், "கடவுளே, இவ்வளவு காலமும் இது எங்கே இருந்தது?"

றொஜரின் ஒரு கையில் குறடு, மறு கையில் மீனின் செவுளடி. இவருக்கு ஆவல் தாங்கவில்லை. தடியை என்னிடம் தந்துவிட்டுத் தானும் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மீன் தலையை ஒரு உலுப்பு உலுப்பியது. குறடு தண்ணீருக்குள் போனது. மீனும் போனது. மரமீன் போகவில்லை. அதன் வால் கொக்கியில் ஒரு முனை றொஜரின் வலது கை பெருவிரலடியில், இன்னொரு முனை என்னவரின் வலது உள்ளங்கையில். இரண்டு கையும் ஒன்றோடொன்று ஒட்டியபடி, நடுவில் மரமீன் தொங்கியது.

நான்தான் கத்தினேன். அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீர்களா அதன் நீளத்தை?" என்றார் றொஜர்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்றார் இவர்.

பிறகுதான் இரத்தத்தைப் பார்த்தார்கள். இவர் கையை இழுக்க, றொஜர் அலறினார். றொஜர் அசைய, இவர் அலறினார். ஆடாமல் அசையாமல் கையோடு கை பிடித்தபடி இரண்டு பேரும் வள்ளத்தின் நடுவில் குந்தினார்கள். மணவறையில்கூட நாங்கள் அவ்வளவு இறுக்கிக் கைபிடிக்கவில்லை.

எஞ்சினுக்கு ஆளில்லை. மிச்சம் நான்தான். டிரைவிங் டெஸ்டில் நான் பெயிலான கதைகள் மோர்டன் தமிழ் ஆட்களுக்கு மனப்பாடம். இவர்களைத் தாண்டிப் பின்னால் போய், றொஜர் சொன்னபடி கியரைப் போட்டுக் கைபிடியைப் பிடித்தேன். இடப்பக்கம் திருப்பினால் வள்ளம் வலப்பக்கம் போனது. வலப்பக்கம் திருப்பினேன், ஒரு தீவை நோக்கிப் போனது. "மற்றப் பக்கம்!" என்று இவர் தமிழிலும் றொஜர் இங்கிலிஷிலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவ்வளவு நேரமும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர்.

"இரண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ!" என்று நானும் கத்தினேன். தமிழில்தான். றொஜருக்கும் விளங்கியது. பாம்பு போல வளைந்து வளைந்து கரைக்கு வந்தோம். கடைசி நேரம் வேகத்தைக் குறைப்பது எப்படி என்று தெரியாமல் புல்லுக்கு மேலேயே ஏற்றிவிட்டேன். மாட்டின் ஓடிவந்து வள்ளத்தைப் பிடித்தான். சுபா தகப்பனின் கையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

அங்கே வாடகைக்கு வள்ளம் விடுகிறவர் ஒரு சின்னக் கம்பிவெட்டியைக் கொண்டுவந்து கொக்கியில் வைத்து அமத்தினார். கம்பிவெட்டியின் பல்லுத்தான் உடைந்தது. "இதை எந்த மீனுக்குச் செய்தார்கள்?" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

6

காரின் பின்சீற்றில் இருவரும் கையோடு கை, மேலே என் சால்வை. அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களுக்கு முன்னால் பாதி ஊரே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். எதிரே ஊன்றுகோலோடு இருந்த கிழவி ஒருத்தி, சால்வைக்குக் கீழே கோத்த கைகளைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கனிவாகக் கேட்டாள்.

"நீங்கள் இருவரும் எவ்வளவு காலமாகச் சேர்ந்திருக்கிறீர்கள்?"

"இன்று காலையிலிருந்து" என்றார் றொஜர்.

என்னவருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. மரியாதையாகச் சேர்த்தார்: "என் மனைவியின் யோசனை, மடம்."

கிழவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சுபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்து சிரித்தாள். மாட்டின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் ஆடியது.

பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கூப்பிட்டாள். ஒருவர் ஒருவராக வாருங்கள் என்றாள். முடியாது என்று இருவரும் காட்டினார்கள். அவள் மரமீனைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், கொம்பியூட்டரைப் பார்த்தாள். அதில் இதற்கு இடமில்லை என்று தெரிந்தது.

"ஒரு பதிவுக்கு ஒரு நோயாளிதான். யார் நோயாளி, யார் கூட வந்தவர்?"

"அவர் நோயாளி" என்றார் றொஜர்.

"இவர்தான் நோயாளி" என்றார் என்னவர்.

அவள் பெருமூச்சு விட்டாள். என்னவரின் பெயரை முதலில் கேட்டுப் பதிந்தாள். அதற்கே ஐந்து நிமிடம் போனது. பிறகு றொஜரைக் காட்டி, "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்றாள்.

இவர் வாயைத் திறந்தார். "நண்பரா?" என்றாள் அவள். இவர் தலையை ஆட்டவில்லை. றொஜரைப் பார்த்தார். கிழவர் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், தொப்பியில் பாசி ஒட்டியிருந்தது. இவர் எவ்வளவு நேரம் யோசித்தாரோ, பின்னால் வரிசையில் இருமத் தொடங்கினார்கள். நான் இவர் என்னைத்தான் கேட்கப்போகிறார் என்று முன்னால் போனேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டித் திரும்பினார்.

"பிள்ளை," என்றார் சுபாவிடம், "சம்பந்திக்கு இங்கிலிஷில என்ன?"

சுபா அப்படியே நின்றாள். பிறகு அவள் மெல்ல, "அதுக்கு இங்கிலிஷ் இல்லை, அப்பா" என்றாள். தமிழில் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது.

"இல்லையெண்டால் அப்பிடியே எழுதட்டும்" என்று இவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். றொஜரும் கூடவே முணுமுணுத்தார். அந்தப் பெண் கடைசியில் 'மற்றவை' என்ற இடத்தில் ஒரு சரி போட்டாள்.

"என்னை அவர் என்ன என்று சொன்னார்?" என்று றொஜர் சுபாவிடம் கேட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்கினாள். பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தகப்பனும் ஒருவருக்கொருவர் அதுதான் என்று.

றொஜர் என்னவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்த மீனைத் தவறவிட்ட மனிதருடனா?" என்றார்.

"குறடு உங்கட கையில இருந்தது" என்றார் என்னவர், இங்கிலிஷை மறந்து. அன்று தொடங்கிய அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

7

டொக்டர் ஆஸ்பத்திரிப் பராமரிப்புப் பகுதியிலிருந்து பெரிய வெட்டி ஒன்றை எடுப்பித்துக் கொக்கியை அறுத்தார். இருவருக்கும் வலது கையில் தடித்த கட்டு. வாசலில் வந்து, றொஜர் போகப் புறப்பட்டபோது இவர் மறித்தார்.

"வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும். எல்லாரும்."

எல்லாரும் என்றபோது சுபாவைப் பார்க்கவில்லை, ஆனால் காரில் அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

சோறு போட்டேன். குளிர்ப்பெட்டியிலிருந்த அறக்குளா மீன் துண்டுகளைக் குழம்பு வைத்தேன். கத்தரிக்காய் பொரித்தேன். றொஜருக்கு இடது கையில் ஒரு கரண்டி கொடுத்தோம். அவர் குழம்பை வாயில் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடித்த மீனைத் திருப்பி விடாதவர்களையும் இன்று மன்னிக்கிறேன் என்றார். மாட்டின் எதைப் போட்டாலும் ஆமா என்றான்.

இவர் தட்டைப் பார்த்தபடி சும்மா இருந்தார். சோற்றைக் கரண்டியால் தின்பது இவருக்கு ஒருநாளும் வராது. இடது கையால் தின்னவும் மாட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் சுபா தன் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய்விட்டாள்.

இங்கிலாந்தில் முள்ளுக்கரண்டியால் வளர்ந்த பிள்ளை. குழம்பு முழுவதையும் ஒரு பக்கத்தில் ஊற்றினாள். பிசைந்தது பாதி விரலிடுக்கால் ஒழுகியது. உருட்டிய உருண்டை எந்த வடிவத்திலும் சேராது. அதை இவர் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். இவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார்.

"உறைப்புக் காணாது" என்றார் மகளிடம். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தபடியே இருந்தார்.